மந்திரித்த பின்சீட்டு

சைக்கிள் கடைக்காரர் எங்கள் வாசலில் வந்து நின்றபோது மணி ஆறு இருபது. மாதா கோயிலில் ஆறு மணிக்குத் திரிகால மணி அடித்து ஓய்ந்து, நான் ஜெபத்தை முடித்துவிட்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கணக்குத் தாள்களை மடியில் வைத்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால் நேரம் எனக்குத் தவறாக நினைவிருக்க வழியில்லை. மகளும் மருமகனும் ஆறு மணிக்குள் வந்துவிடுவது வழக்கம். இருபது நிமிஷம் ஒரு தாமதமா, கோடம்பாக்கத்தில் ரயில்வே கேட் மூடியிருந்தால் ஆகாதா என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கடைக்காரர் ஒரு பெரிய சாமானைத் துவைத்த துண்டில் சுற்றி, பிறந்த குழந்தையை ஏந்துவதுபோல் இரண்டு கையாலும் ஏந்தியிருந்தார். துண்டின் ஓரத்தில் ஒரு தோல் வார் தொங்கியது. அதைக் கண்டதும் எழுந்துவிட்டேன். தாள்கள் தரையில் சிதறின. அது என் மகள் உட்காரும் சீட்டு. மருமகனின் மோட்டார் சைக்கிளில், அவருக்குப் பின்னால், அந்த நேரத்தில் பூட்டியிருக்க வேண்டிய சீட்டு.

விழுந்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். வண்டி உடைந்து, சீட்டு தனியாகத் தெறித்து, யாரோ எடுத்து இவரிடம் கொடுத்திருக்கிறார்கள்.

“டீச்சரம்மா, தப்பா நெனச்சிக்காதீங்க” என்றார் அவர். “இன்னிக்குக் கிருத்திகெ. கடய சீக்கிரம் சாத்திட்டேன். மாப்ள இன்னும் வர்ல. சாமியாரு மந்திரிச்ச சாமான் ஆச்சே, உள்ள வெச்சிப் பூட்டிக்கினு போவ மனசு வர்ல. கடைல எலி கீது. எலி கடிச்சி வெச்சா பாவம் என் தலைலதான் வுடியும்.”

“வண்டி எங்கே?”

“வண்டி இன்னா, அது காலைலயே போச்சே.”

“சீட்டு இல்லாமலா?”

“சீட்டு எப்பவும் நம்ம கடைலதானே...” என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். பிறகு துண்டைப் பார்த்தார். பிறகு தெருவைப் பார்த்தார்.

உள்ளேயிருந்து என் கணவர் பேப்பரும் கையுமாக வந்தார். சீட்டைப் பார்த்தார். “இத எதுக்கு இங்க தூக்கிட்டு வந்தீங்க?” என்று கேட்டார்.

ஒன்றும் தெரியாத மனிதன் அப்படிக் கேட்கமாட்டான். இது எப்படி உங்களிடம் வந்தது என்று கேட்பான். வண்டி என்ன ஆயிற்று, பெண் என்ன ஆனாள் என்று கேட்பான். இருபத்தைந்து வருஷம் என்னோடு குடித்தனம் செய்தவர் அந்த ஒரு கேள்வியில் என்னிடம் அகப்பட்டுக்கொண்டார். அவருக்கும் அது தெரிந்தது. பேப்பரை மடித்தார், மடித்ததையே மறுபடி மடித்தார்.

அந்தச் சீட்டைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும்.

யுத்தம் முடிந்த பிறகு பட்டாளத்தில் வேண்டாமென்று கழித்த மோட்டார் சைக்கிள்கள் பட்டணத்தில் மலிவாக வந்தன. மருமகன் ஒன்றை வாங்கினார். கோடம்பாக்கத்தில் ஒரு ஸ்டூடியோவில் ஒலிப்பதிவு வேலை அவருக்கு. மகள் தியாகராய நகரில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. கல்யாணமாகி வாடகைக்கு வீடு தேடினார்கள். யுத்தத்துக்குப் பிறகு வீடு எங்கே கிடைத்தது? எங்களோடேயே இருந்தார்கள். எங்களுக்கு அவள் ஒருத்திதான், ஆகையால் எனக்கு அதில் சந்தோஷம். ‘வீட்டோட மாப்ள, ரோட்டோட வண்டி’ என்று தெருவில் கேலி பேசினார்கள். அவர் அதையும் சிரித்துக்கொண்டே தாங்கினார். நல்ல பிள்ளை. இப்போதும் அதைத்தான் சொல்வேன்.

வண்டியில் ஓட்டுகிறவருக்கு மட்டும் இரண்டு சுருள் கம்பியின் மேல் ஒரு சேணம் உண்டு. பின்னால், சக்கரத்தின் மட்கார்டுக்கு மேலே, வெறும் இரும்புக் கேரியர். சிப்பாய் தன் மூட்டையைக் கட்டிக்கொள்வதற்காக வைத்தது. அதில் போர்வையை நாலாக மடித்துப் போட்டு மகளை உட்கார்த்தி வைத்து முதல் ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு அழைத்து வந்தார் மருமகன். அவள் இடப்பக்கமாக இரண்டு காலையும் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தாள். கால் வைக்க இடமில்லை. பிடித்துக்கொள்ள அவர் தோளைத் தவிர வேறு ஒன்றுமில்லை. முந்தானை இடது தோளிலிருந்து பின்னால் பறந்து, சுழலும் சக்கரத்துக்கு ஒரு சாண் மேலே ஆடியது.

எனக்கு அன்று பூசையில் மனம் செல்லவில்லை. காரணம் உண்டு. அதற்குச் சில மாதங்களுக்கு முன்பு, லஸ் முனையில் டிராமில் உட்கார்ந்திருந்தபோது, இதேபோல் பின்னால் உட்கார்ந்து வந்த ஓர் இளம்பெண்ணின் புடவை சக்கரத்தில் சிக்கியதைக் கண்ணால் பார்த்தேன். டிராமைச் சுற்றிக்கொண்டு போக வண்டி சட்டென்று ஒடித்துத் திரும்பியது. அவ்வளவுதான். யாரோ கையைப் பிடித்து இழுத்ததுபோல் அவள் பின்பக்கமாகப் போனாள். தூக்கி உட்கார்த்தினார்கள். அதற்குள் டிராம் நகர்ந்துவிட்டது. அவள் பிழைத்தாளா என்று இன்றுவரை தெரியாது.

அதனால் நான் கிண்டிக்குப் போனேன். பந்தய மைதானத்துக்கு அருகே ஒரு சந்தில் குதிரைகளுக்குச் சேணம் தைக்கிற ஒருவர் இருந்தார். என்ன வேண்டும் என்று சொன்னதும் சிரித்தார். “குதிரை முதுகுக்குத் தெச்சிருக்கேன், ஜட்கா வண்டிக்குத் தெச்சிருக்கேன். பொம்பள உக்காரத் தெச்சதில்லம்மா. அளவு எப்படி எடுக்கிறது?” நான் ஒரு மணையைக் கொண்டு போயிருந்தேன். வீட்டில் மகள் உட்கார்ந்து சாப்பிடும் மணை. அதைக் காட்டி, இந்த அகலம், இந்த நீளம் என்றேன். அடியில் தகரம், மேலே தேங்காய் நார், அதற்கு மேலே குதிரை மயிர், எல்லாவற்றுக்கும் மேலே தோல். பின்பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஒரு வார். இடப்பக்கம் கால் வைக்க ஒரு பலகை. கடைசியாக, எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமானது: சீட்டிலிருந்து இரண்டு பக்கமும் சக்கரத்தை மூடிக்கொண்டு தொங்கும் ஒரு தோல் திரை. முந்தானை பறந்தாலும் திரையில் படும், கம்பிக்குள் போகாது. மழை நாளில் தோல் நனையாமல் வீட்டுக்குள் கொண்டுவருவதற்காக, கையாலேயே திருகிக் கழற்றும் நட்டுகள் வைக்கச் சொன்னேன்.

சீட்டு வந்தபோது மருமகன் அதைச் சுற்றி வந்து பார்த்தார். “அத்தை, இதுல உக்காந்தா கவர்னர் சம்சாரம் மாதிரி இருப்பா” என்றார். மகள் ஏறி உட்கார்ந்து கால்களைப் பலகையில் வைத்து, வாரைப் பிடித்துப் பார்த்தாள். “மெத்தை மாதிரி இருக்கும்மா” என்றாள்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் சாமியார் மந்திரிக்க வந்தார். எங்கள் கோயில் பங்கில் புதுப் படகு கடலில் இறங்கினால் மந்திரிப்பார்கள், புது வீடு கட்டினால் மந்திரிப்பார்கள், வண்டி வாங்கினாலும் மந்திரிப்பார்கள். அவர் தீர்த்தச் செம்போடு மோட்டார் சைக்கிளின் முன்னால் போய் நின்றார்.

“வண்டி வேண்டாம் சாமி” என்றேன். “சீட்டை மட்டும் மந்திரிங்க.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். “அப்ப மாப்பிள்ளை மோட்சத்துக்குப் போக வேண்டாமா?” என்று சாமியார் கேட்டார். எனக்கு ஒரு கணக்கு இருந்தது. வண்டியை மந்திரித்தால் மருமகனுக்குத் தைரியம் வந்துவிடும். தீர்த்தம் பட்ட வண்டிதானே என்று வேகமாக ஓட்டுவார். சீட்டு மட்டும் மந்திரித்ததாக இருந்தால் அவருக்குப் பயம் இருக்கும், அவளுக்குப் பாதுகாப்பு இருக்கும். இதை அங்கே வெளியில் சொல்லவில்லை. சாமியார் நட்டுகளைத் திருகிச் சீட்டைக் கழற்றச் சொல்லி, பூசைக்கு உதவும் கோயில்பிள்ளை அதை ஏந்திக்கொண்டு நிற்க, அதன்மேல் தீர்த்தம் தெளித்து ஜெபம் சொன்னார். அன்றே மருமகனிடம் வாக்கு வாங்கினேன். இந்தச் சீட்டு இல்லாமல் என் மகளை வண்டியில் ஏற்றுவதில்லை. மந்திரித்த சீட்டின்மேல் கையை வைத்துத்தான் சொன்னார். அவளும் பக்கத்தில் நின்று தலையாட்டினாள். என் கணவரும் சாட்சிக்கு நின்றார்.

இப்போது அந்தச் சீட்டைச் சைக்கிள் கடைக்காரர் எங்கள் கூடத்தில், நாற்காலியின் மேல், மெதுவாக இறக்கி வைத்தார். தரையில் வைக்க அவருக்கு மனம் வரவில்லை. தோலின் நடுவில் சந்தனமும் குங்குமமும் வைத்த வட்டம் ஒன்று மங்கலாகத் தெரிந்தது.

“இது என்ன?”

“அது ஆயுத பூஜைக்கு வெச்சது” என்றார் கூச்சத்தோடு. “கடைல கீற எல்லாத்துக்கும் வெச்சேன். பம்புக்கு வெச்சிட்டு இதுக்கு வெக்காம வுட்டா நல்லாவா கீது? சாமி சாமான். அதான் தனியா ஒரு ஆணி அடிச்சி ஒசர மாட்டி வெச்சிருந்தேன்.”

அந்தக் கறையை நான் பார்த்திருந்தேன். ஆயுத பூஜைக்கு மறுநாள் மாலையில் மஞ்சளாக ஏதோ இருக்கிறதே என்று மகளைக் கேட்டேன். பள்ளிக்கூடத்தில் சந்தனம் கொடுத்தார்கள், கை பட்டிருக்கும் என்றாள். கண்ணைச் சிமிட்டாமல் சொன்னாள். இன்னொன்றும் எனக்கு ஞாபகம் வந்தது. தினமும் மாலையில் வண்டி வாசலில் நின்றதும் நான் போய்ச் சீட்டைத் தடவிப் பார்ப்பேன். வார் உறுதியாக இருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா என்று. மேற்கு வெயிலில் அவ்வளவு தூரம் வந்த சீட்டு எப்போதும் ஜில்லென்றிருக்கும். குதிரை மயிரின் குணம் என்று நினைத்து, அந்தக் கிண்டிக்காரருக்கு ஆயுசு நூறு என்று வாழ்த்திக்கொண்டிருந்தேன். நாள் முழுதும் கடைச் சுவரில் நிழலில் தொங்கிய சீட்டு எப்படிச் சுடும்?

“எத்தனை நாளா இது?” என்று கணவரைக் கேட்டேன்.

அவர் கடைக்காரரைப் பார்த்தார்.

“அவரை ஏன் பார்க்கிறீங்க? நான் உங்களைக் கேக்கிறேன்.”

“சீட்டு வந்த மறுவாரத்துலேர்ந்து” என்றார். “நான் சைக்கிளுக்குக் காத்தடிக்கப் போனேன். ஆணியில தொங்கிட்டிருந்தது. அவகிட்டக் கேட்டேன். அழுதா. அம்மாகிட்ட சொல்லாதீங்கப்பா, அம்மா பயந்துடுவாங்கன்னா.”

“நான் பயந்திடுவேன்னு எனக்காக மறைச்சாளா?”

கடைக்காரர் இடையில் புகுந்தார். அவருக்கு எங்கள் சண்டையைத் தணிக்க வேண்டும் போலிருந்தது. “பொண்ணு மேல தப்பில்ல டீச்சரம்மா. ஸ்டூடியோ கேட்டாண்ட போனாலே மாப்ளயக் கேலி பண்றானுங்களாம். ரெண்டு பக்கமும் தோலு தொங்குதா, ‘டேய், பூம்பூம் மாடு வந்துட்டுது, எங்க, ஒரு தபா தலையாட்டச் சொல்லு’ன்றானுங்களாம். ஒருத்தன் பீப்பீ ஊதறானாம். சின்ன வயசு, மானம் போவாதா? என்னாண்ட வந்து, ‘நைனா, காலைல கயட்டி வெச்சிக்கோ, சாயங்காலம் மாட்டிக் குடு’ன்னார். நானும் செஞ்சிக்கினு வந்தேன். தெருவே பாத்துக்கினுதானே கீது. உங்களுக்கும் தெரியும்னே நெனச்சேன்.”

தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. கச்சேரி ரோட்டில் அந்தக் கடையைத் தாண்டாமல் எங்கள் பங்கு ஜனங்கள் ஒருவரும் சந்தைக்குப் போக முடியாது. கோயில்பிள்ளை அங்கேதான் சைக்கிளை விடுவார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, ‘சீட்டு சௌகரியமா இருக்குதா டீச்சர்?’ என்று என்னைக் கேட்டவர்களின் முகங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. சனிக்கிழமை தவறாமல் மகள் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போவாள். இதைச் சொன்னாளா? சொல்லியிருந்தால் சாமியாருக்கும் தெரியும். சொல்லாமல் மறைத்துவிட்டுப் பூசையில் நன்மை வாங்கியிருந்தால் அது வேறு பயம். எது பரவாயில்லை என்று எனக்குத் தெரியவில்லை.

“கேலிக்காக அவர் கழட்டினார், சரி” என்றேன் கணவரிடம். “உங்க பொண்ணு ஏன் ஒத்துக்கிட்டா? அவளுக்கு உயிர் மேல ஆசை இல்லையா?”

அவர் வாசல் பக்கம் பார்த்தார். பிறகு கடைக்காரர் காதில் விழக்கூடாதென்று குரலைத் தாழ்த்தினார். கடைக்காரரும் மரியாதையாக வாசற்படிக்கு நகர்ந்துகொண்டார்.

“அந்த வாரைப் பிடிச்சிக்கிட்டு உக்காந்தா அவருக்கும் அவளுக்கும் நடுவுல ஒரு முழம் இருக்குதாம். யாரோ வாடகை வண்டியில போற மாதிரி இருக்குன்னா. வார் இல்லேன்னா அவரைப் பிடிச்சுக்கலாமில்ல? கல்யாணம் ஆன புதுசு. அப்பாகிட்ட இதைச் சொல்லவே அவளுக்கு எவ்வளவு வெட்கம்! நான் என்ன சொல்றது?”

“என்கிட்ட வந்து சொல்லியிருக்கலாம்.”

“சொன்னா நீ விடுவியா?”

விட்டிருக்கமாட்டேன். ஆனால் கிண்டிக்கு மறுபடியும் போயிருப்பேன். வாரை எடுத்து முன்பக்கம் வைக்கச் சொல்லியிருப்பேன். சீட்டைச் சேணத்தோடு ஒட்டி நகர்த்தச் சொல்லியிருப்பேன். ஒரு முழத்தை ஒன்றுமில்லாமல் ஆக்க எனக்குத் தெரியாதா? நானும் ஒரு காலத்தில் புதுப் பெண்ணாக இருந்தவள்தானே. திரை மட்டும் இருந்தால் போதும், மற்றதெல்லாம் அவள் இஷ்டம் என்றிருப்பேன். என்னை யாரும் கேட்கவில்லை. மூன்று பேர் சேர்ந்து என்னைச் சமாளித்திருக்கிறார்கள். பால் குடிக்க மறுக்கும் குழந்தையை, ‘அதோ பார் காக்கா’ என்று சொல்லிச் சமாளிப்பதுபோல.

“நாலு மாசம் ஆச்சே” என்றேன். மகளின் வயிற்றில் முதல் குழந்தை. “இப்பவுமா?”

“அடுத்த மாசத்துலேர்ந்து வண்டியே வேண்டாம், பஸ்ல போயிடறேன்னு சொல்லியிருந்தா.”

அடுத்த மாதத்திலிருந்து! பேரக்குழந்தைக்காகச் சட்டை தைக்க நான் துணி எடுத்து வைத்திருந்தேன். அந்தக் குழந்தையை இரும்புக் கேரியரின் மேல், நாலாக மடித்த போர்வையின் மேல், தினமும் ஏற்றிக்கொண்டு போனார்கள். அது அவள் அப்பாவுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே மாலையில் வீட்டுக்கு வந்து, என்னோடு உட்கார்ந்து, ‘சீட்டு நல்லா இருக்கு, உங்கம்மா மூளையே மூளை’ என்று மகளிடம் சொல்லியிருக்கிறார். அப்போது இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தது, எனக்குப் பெருமையாக இருந்தது.

மணி ஏழை நெருங்கியது. இன்னும் வரவில்லை. கோபம் அப்படியே இருக்க, அதற்கு அடியில் பயம் கொதிக்க ஆரம்பித்தது. இருட்டிவிட்டது. குப்பத்துப் பெண்கள் மீன் விற்றுவிட்டு வெறுங்கூடையோடு பேசிச் சிரித்தபடி கடற்கரைப் பக்கம் போனார்கள். பக்கத்து வீட்டில் ஜெபமாலை ஆரம்பித்தார்கள். அருள்நிறை மரியே என்ற குரல் சுவருக்கு அப்பாலிருந்து வந்தது. என் வாய் தன்னால் பதில் சொல்லியது, மனம் தெருவிலேயே இருந்தது. எங்கோ ஒரு மோட்டார் சத்தம் கேட்கும். நெருங்கும். பிறகு வேறு தெருவில் திரும்பிவிடும்.

கணவர் சட்டையை மாட்டிக்கொண்டு சைக்கிளை எடுத்தார். “நான் போய்ப் பார்த்துட்டு வரேன்.”

“நீங்க போக வேண்டாம்.”

“ஏன்?”

“நீங்க பார்த்துட்டு வந்து சொல்றதை நான் எப்படி நம்பறது?”

சொன்ன பிறகு அதைத் திருப்பி எடுத்துக்கொள்ள முடியவில்லை. எடுத்துக்கொள்ள விருப்பமும் இல்லை. அவர் சைக்கிளின் கைப்பிடியைப் பிடித்தபடியே நின்றார். அந்த மனிதரின் முகத்தை அப்படி நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

வாசற்படியிலிருந்து கடைக்காரர் எழுந்தார். அவர் கிருத்திகைக்கு முருகன் கோயிலுக்குப் போக வேண்டியவர். எங்கள் வீட்டில் மாட்டிக்கொண்டார். “ஐயா இருக்கட்டும். நான் ஒரு மிதி மிதிச்சி எல்டாம்ஸ் ரோடு வரைக்கும் பாத்துக்கினு வரேன். முருகன் எங்கயும் போவமாட்டாரு” என்று சொல்லி, கணவரின் சைக்கிளையே வாங்கிக்கொண்டு போனார்.

நாங்கள் இரண்டு பேரும் கூடத்தில் தனியாக இருந்தோம். நடுவில் நாற்காலியின் மேல் அந்தச் சீட்டு, விருந்தாளி மாதிரி. அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். “பேசாதீங்க” என்றேன். பிறகு அவர் பேசாமல் இருந்ததே எனக்குத் தாங்கவில்லை. லஸ் முனையில் அந்தப் பெண் பின்பக்கமாகப் போன விதம் கண்முன் வந்து வந்து போயிற்று. ஒவ்வொரு தடவையும் அவளுக்கு என் மகளின் முகம். அவள் காலையில் என்ன புடவை உடுத்திக்கொண்டு போனாள் என்று நினைவுபடுத்திப் பார்த்தேன். ஊதாப் பூப்போட்ட மெல்லிய வாயில் புடவை. காற்றில் நன்றாகப் பறக்கும்.

என்னிடம் அவள் பொய் சொன்னாள், சொல்லட்டும், தினமும் சொல்லட்டும், முழுதாக வந்து நின்று சொல்லட்டும் என்று மாதாவிடம் கேட்டேன். கேட்டுக்கொண்டிருக்கும்போதே, வரட்டும், அவளை ஒரு வார்த்தை கேட்காமல் விடமாட்டேன் என்றும் நினைத்தேன். இரண்டும் ஒரே ஜெபத்தில் இருந்தன.

சைக்கிள் மணிச் சத்தம் கேட்டது. கடைக்காரர் மூச்சிரைக்க வந்து காலை ஊன்றி நின்றார். இறங்குவதற்கு முன்பே பேச ஆரம்பித்துவிட்டார்.

“வராங்கம்மா, வராங்க. ஜட்கால வராங்க. ரெண்டு பேரும் உசுரோட கீறாங்க. பயப்படாதீங்க.”

“என்ன ஆச்சு?”

“தேனாம்பேட்டையாண்ட, மவுண்ட் ரோட்டத் தாண்டி இந்தாண்ட வந்ததும், முந்தான சக்கரத்துல சுத்திக்கிச்சாம். முன்னால பஸ்ஸு போய்க்கினு இருந்ததால வண்டி மெதுவாத்தான் வந்துச்சாம். அதான் தப்பிச்சிது. புள்ள கீழ வுயுந்துட்டுது. குதிகாலு கம்பில மாட்டிக்கினு கிழிஞ்சிட்டுது, கையில செராய்ப்பு. எதிர் வூட்லயே ஒரு டாக்டரம்மா இருந்தாங்களாம். உள்ள தூக்கினு போயி கட்டுப் போட்டாங்க.”

“வயிறு?”

அவர் கொஞ்சம் தயங்கினார்.

“தொட்டுப் பாத்தாங்களாம். ரத்தம் ஒண்ணும் படலியாம். இப்போதிக்கி நல்லாதான் கீதுன்னாங்களாம். ஆனா படுக்கைய வுட்டு எயுந்திரிக்கக் கூடாதாம். நாளைக்கு அவங்களே வந்து பாக்கறேன்னாங்களாம்.” பிறகு என் பக்கம் குனிந்து, “நான் சீட்ட இங்க கொண்டாந்தத அவங்ககிட்ட சொல்லலம்மா. அந்தப் பொண்ணு மூஞ்சியப் பாத்தா வாய் வர்ல. எண்ணெ வாங்க வந்தேன்னு சொல்லிட்டு முன்னால வந்துட்டேன்” என்றார்.

அவரும்! ஒரு நாள் மாலையில் எங்கள் குடும்பத்தோடு சேர்ந்ததற்கே அவருக்கும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. இரக்கப்பட்டுத்தான் செய்தார். எல்லாருமே இரக்கப்பட்டுத்தான் செய்தார்கள்.

குதிரைக் குளம்புச் சத்தம் தெருமுனையில் கேட்டது. கணவர் அரிக்கன் விளக்கை எடுத்துக்கொண்டு ஓடினார். நானும் ஓடியிருக்க வேண்டும். வாசற்கதவு வரைக்கும் போனேன். அதற்கு மேல் கால் நகரவில்லை. கதவுக்குப் பின்னால், விளக்கு வெளிச்சம் விழாத இடத்தில், நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஜட்கா வந்து நின்றது. முதலில் மருமகன் இறங்கினார். ஒரு பக்கச் சட்டைக் கை முழங்கை வரை கிழிந்திருந்தது. மாமனாரைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார். வண்டியின் கூண்டுக்குள், வைக்கோல்மேல், என் மகள் காலை நீட்டிச் சாய்ந்திருந்தாள். வெள்ளைப் புடவை உடுத்தியிருந்தாள். அதைக் கண்டதும் எனக்கு உயிரே நின்றுவிட்டது. மாப்பிள்ளை எதிரில் நிற்கிறாரே என்று மனம் தேறச் சற்று நேரமாயிற்று. டாக்டரம்மா தன் புடவையைக் கொடுத்து அனுப்பியிருக்கிறாள். மகளின் ஊதாப் புடவை என்ன கதியானதோ.

கணவர் விளக்கைக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு இரண்டு கையையும் உள்ளே நீட்டினார். அவள் முனகிக்கொண்டே முன்னால் நகர்ந்து வந்து, அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நெற்றியில் மண் ஒட்டியிருந்தது. கன்னம் வீங்கியிருந்தது. எனக்கு ஐந்தாறு அடி தூரத்தில்தான் இருந்தாள். வாசல் பக்கம் ஒருமுறை பார்த்தாள். இருட்டில் நான் நிற்பது தெரியவில்லை. பிறகு தன் அப்பாவின் காதோடு வாயை வைத்து, அந்த வலியிலும் குரலை அடக்கிக்கொண்டு கேட்டாள்:

“அப்பா, அம்மாவுக்குத் தெரிஞ்சிடுச்சா?”